தலைக்குள்ளே களிமண்ணா?

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி, தரம் 6 முதல் 9 வரையான மாணவிகளுக்காகப் பிரதான மண்டபத்தில் பழைய மாணவிகள் நால்வர் சேர்ந்து வழங்கிய உரையின் எழுத்து வடிவம்)



விழாவுக்கு ஓர் உரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, கல்லூரியின் வரலாற்றைப் பேசப் பலர் இருக்கிறார்கள், நாங்கள் பிள்ளைகளோடு பேசுகிறோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டோம். நாங்கள் நால்வர். 1990களின் தொடக்கத்தில் இதே மண்டபத்தில், இதே நிலத்தில் இருந்து காலைப் பிரார்த்தனை செய்தவர்கள். இன்று எங்களில் ஒருவர் வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்றில் மூளை, நரம்பு நோயாளர் விடுதியில் தாதியாக இருக்கிறார். ஒருவர் கணித ஆசிரியை. ஒருவர் கணக்காளர். ஒருவர் இந்த ஊரிலேயே தையற்கடை வைத்திருக்கிறார். எங்களை அக்கா என்பதா அன்ரி என்பதா என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறோம்.

நாங்கள் எடுத்த பொருள் மனித மூளை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் எட்டாம் ஆண்டில் படித்தபோது ஒருநாள் கணித பாடத்தில் பின்னம் நடந்துகொண்டிருந்தது. எங்களில் ஒருத்தியைக் கரும்பலகைக்கு அழைத்தார்கள். அவளுக்குக் கணக்கு வரவில்லை. வெண்கட்டியைப் பிடித்தபடி நின்றாள். ஆசிரியை, "என்ன பிள்ளை, தலைக்குள்ளை களிமண்ணோ இருக்கு?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் இங்கே நிற்கும் மற்ற மூவரும் அடக்கம்.

ஆசிரியை கொடியவர் அல்லர். அந்தக் காலத்தில் அது எல்லா வகுப்பிலும் கேட்ட சொல். மறுநாள் அவர் அதை மறந்திருப்பார். எங்கள் தோழி மறக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணித வினாத்தாளை அரைவாசியில் மூடிவைத்துவிட்டு எழும்பி வந்தாள். "எனக்கு மூளை இல்லை, எழுதி என்ன பயன்?" என்றாள். அந்தக் கேள்விக்கு அன்று எங்களுக்குப் பதில் தெரியாது. இன்று ஓரளவு தெரியும். அதைத்தான் சொல்ல வந்தோம்.

முதலில், தலைக்குள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். உங்கள் இரண்டு கைகளையும் பொத்திப் பிடித்து, விரல்மொழிகள் ஒன்றோடொன்று முட்டும்படி சேர்த்துப் பாருங்கள். ஏறத்தாழ அவ்வளவுதான் மூளையின் பருமன். வளர்ந்தவரின் மூளை 1,300 முதல் 1,400 கிராம் வரை இருக்கும். தயிர்க்கட்டியைப் போல மென்மையானது. உடல் நிறையில் 100க்கு 2 பங்குதான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போதுகூட உடல் செலவிடும் சக்தியில் 5இல் 1 பங்கை அது எடுத்துக்கொள்ளும். காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளைக்கு முதலாம் பாடத்தில் கவனம் நிற்காததற்கு இது ஒரு காரணம். பட்டப்பகலில் பாடம் நடக்கும்போது தூங்கி வழிகிறவரின் மூளையும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. மூளையில் 10 வீதத்தைத்தான் மனிதர் பயன்படுத்துகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் மூன்று பகுதிகளைப் படித்திருப்பீர்கள். மேலே மடிப்பு மடிப்பாகப் பெரிதாகத் தெரிவது மூளையம். பார்ப்பது, கேட்பது, நினைப்பது, பேசுவது, முடிவெடுப்பது எல்லாம் அங்கே. அது வலம், இடம் என்று இரண்டு பாதிகளாக இருக்கும். இடப்பாதி வலக்கையை அசைக்கும், வலப்பாதி இடக்கையை அசைக்கும். பின்பக்கம் கீழே சிறிதாக இருப்பது மூளி. நீங்கள் துவிச்சக்கரவண்டியில் விழாமல் போவதும், வலைப்பந்தைக் குறிபார்த்து எறிவதும் அதன் உதவியால்தான். அதற்கும் கீழே முண்ணாணோடு சேரும் இடத்தில் நீள்வளைய மையவிழையம். மூச்சையும் இதயத் துடிப்பையும் இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் காவற்காரர். நாம் உறங்கினாலும் அவர் உறங்க மாட்டார்.

இந்த மூளை எதனால் ஆனது? நரம்புக்கலங்களால் ஆனது. அவை எத்தனை என்று யாரும் ஒழுங்காக எண்ணிப் பார்க்காமலே 10,000 கோடி என்று நெடுங்காலம் புத்தகங்களில் எழுதிவந்தார்கள். பிரேசில் நாட்டு விஞ்ஞானி சுசானா எர்குலானோ ஹூசெல் அந்தக் கணக்கை ஏற்காமல் எண்ணுவதற்கு ஒரு புது வழி கண்டார். 2009இல் வெளிவந்த அவர் குழுவின் கணக்குப்படி ஏறத்தாழ 8,600 கோடி. இதில் வேடிக்கை என்னவென்றால், 5இல் 4 பங்கு அந்தச் சிறிய மூளிக்குள்ளேதான் இருக்கிறது. பெரியவர்கள் சொல்வதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஒரு நல்ல பாடம்.

ஒரு நரம்புக்கலம் பார்வைக்கு வேரோடு பிடுங்கிய செடியைப் போல இருக்கும். ஒரு பக்கத்தில் கிளைகள். அவை செய்தியை வாங்கும். மறுபக்கம் நீண்ட ஒரு நார். அதன் வழியே செய்தி சிறு மின் துடிப்பாக ஓடும். நாரின் முனைக்கும் அடுத்த கலத்துக்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அங்கே வந்ததும் மின் துடிப்பு நின்றுவிடும். முனையிலிருந்து இரசாயனப் பொருள் வெளிப்பட்டு, இடைவெளியைக் கடந்து, அடுத்த கலத்தைத் தொட்டு எழுப்பும். இந்தச் சந்திப்புக்கு நரம்பிணைப்பு என்று பெயர். நீங்கள் இப்போது எங்கள் குரலைக் கேட்பதும், 'இவர்கள் எப்போது முடிப்பார்கள்' என்று நினைப்பதும் இப்படி நடப்பவைதான்.

எல்லா நரம்பிலும் செய்தி ஒரே வேகத்தில் ஓடாது. சிலவற்றில் செக்கனுக்கு 100 மீற்றருக்கும் மேலே. சிலவற்றில் செக்கனுக்கு 1 மீற்றர் அளவுதான். கால்விரல் கதவுநிலையில் இடித்தால் முதலில் 'இடித்துவிட்டது' என்று தெரியும். ஒரு கணம் கழித்துத்தான் 'ஐயோ' என்று அந்த ஆழ்ந்த நோ வரும். இரண்டும் விரலிலிருந்து ஒரே நேரத்தில் புறப்பட்டவை. ஒன்று கடுகதிப் புகைவண்டியில் வந்தது, மற்றது மாட்டுவண்டியில் வந்தது.

நரம்புக்கலங்கள் தனித்தனியானவை, அவற்றுக்கு நடுவே இடைவெளி உண்டு என்பதைக் கண்டவரின் கதை உங்களுக்குப் பிடிக்கும். ஸ்பெயின் நாட்டவர், பெயர் சந்தியாகோ ரமோன் இ கஹால். 1852இல் பிறந்தவர். பள்ளியில் குழப்படி. ஓவியம் கீறுவதில்தான் விருப்பம். பிள்ளை உருப்படாது என்று எண்ணிய வைத்தியரான தகப்பனார், முடி வெட்டுபவரிடமும் சப்பாத்துத் தைப்பவரிடமும் வேலை பழக விட்டார். பின்னர் அதே பிள்ளை மருத்துவம் படித்தது. இத்தாலியரான கொல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாய முறையால் மூளைத் துண்டுகளுக்கு நிறமூட்டி, நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்தது. குழப்படிக்காரப் பிள்ளையின் அந்த ஓவியக் கைதான் உதவிற்று. மூளை முழுவதும் தொடர்ச்சியான ஒரே வலை என்று கொல்ஜி சொன்னார். இல்லை, தனித்தனிக் கலங்கள் என்று கஹால் சொன்னார். 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பரிசு மேடையிலும் கொல்ஜி ஒத்துக்கொள்ளவில்லை. பிற்கால ஆய்வுகள் கஹாலின் பக்கமே நின்றன.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நீங்கள் ஒன்றைப் படிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? எங்கள் காலத்தில் விடுதியிலிருந்து கிணற்றடிக்குப் போக விளையாட்டு மைதானத்தின் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. யாரும் அதைப் போடவில்லை. பிள்ளைகள் நடந்து நடந்து புல் அழிந்து பாதையாயிற்று. நீண்ட விடுமுறை முடிந்து வந்தால் புல் மூடிப் பாதை மங்கியிருக்கும். நரம்பிணைப்புகளும் ஏறத்தாழ இப்படித்தான். இரு கலங்கள் திரும்பத் திரும்பச் சேர்ந்து வேலை செய்தால் அவற்றின் இணைப்பு வலுக்கும். பாவிக்காத இணைப்பு மெலியும். மூளை ஒரு பெட்டி அல்ல, அறிவை உள்ளே போட்டுப் பூட்டிவைப்பதற்கு. செய்யும் வேலைக்கேற்பத் தன்னையே திருத்திக்கொள்ளும் உறுப்பு அது.

இது வெறும் பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். இலண்டன் ராக்சிச் சாரதிகள் அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு நகரின் ஏறத்தாழ 25,000 வீதிகளை மனனம் செய்ய வேண்டும். அதற்கு மூன்று, நான்கு வருடங்கள் செல்லும். எலினோர் மக்குவாயர் என்ற பெண் விஞ்ஞானி 2000இல் அவர்களின் மூளைகளைப் படம்பிடித்துப் பார்த்தார். கடற்குதிரை போல வளைந்திருக்கும் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. பெரிதாக இருந்தவர்கள்தாம் சாரதிகளானார்களோ என்று ஒரு சந்தேகம் எழும் அல்லவா? அதற்காகப் படிக்கத் தொடங்குமுன் ஒரு தரம், முடித்தபின் ஒரு தரம் என்று படம்பிடித்தார்கள். முடிவு 2011இல் வந்தது. தொடக்கத்தில் வேறுபாடு இல்லை. படித்துத் தேறியவர்களில் அந்தப் பகுதி பின்னர் வளர்ந்திருந்தது. வளர்ந்த மனிதரின் மூளையே பயிற்சியால் மாறுகிறது என்றால், உங்கள் வயது மூளையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

ஞாபகத்தில் ஒன்றல்ல, பல வகை உண்டு. அதை உலகம் அறிந்தது ஒரு மனிதரின் இழப்பால். அமெரிக்கரான ஹென்றி மொலேசனுக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953இல், அவருடைய 27ஆம் வயதில், நோயைத் தணிக்கச் செய்த சத்திரசிகிச்சையில் இரு பக்கத்து ஹிப்போகம்பஸையும் பெரும்பாலும் அகற்றிவிட்டார்கள். வலிப்புக் குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த எதையும் அவரால் ஞாபகத்தில் வைத்திருக்க முடியவில்லை. சற்று முன் பேசியவர் வெளியே போய்த் திரும்பி வந்தால் புதியவரைப் போல வரவேற்பார்.

பிரெண்டா மில்னர் என்ற பெண் உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். தாளில் இருக்கும் நட்சத்திரத்தின் ஓரத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு பென்சிலால் வரைய வேண்டும். வீட்டில் செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கம் போகும். மூன்று நாட்கள் பழகியபின் அவர் நன்றாகவே வரைந்தார். ஆனால் அப்படியொன்றை முன்பு செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. மனம் மறந்தது, கை கற்றுக்கொண்டது. செய்திகளை நினைவில் வைக்கும் வழி வேறு, கைத்திறனைக் கற்கும் வழி வேறு என்பது இதனால் தெரியவந்தது.

இப்போது எங்கள் தோழியிடம் வருவோம். பாடசாலையை விட்டபின் அவள் தையல் பழகினாள். இன்று ஒருவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாலே தோள் அளவு சொல்வாள். எட்டு வயதுப் பிள்ளையின் சீருடைக்கு எவ்வளவு துணி மடித்துத் தைத்தால் இரண்டு வருடம் போடலாம் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் கடையில் இருந்தபோது, "கழுத்துக்கு காலே அரைக்கால் உள்ளுக்கு எடு" என்று உதவிக்கு நிற்கும் பிள்ளைக்குச் சொன்னாள். எங்களில் கணித ஆசிரியை திடுக்கிட்டு, "இப்ப என்ன சொன்னனீ?" என்று கேட்டார். கால் அங்குலத்தோடு அரைக்கால் அங்குலம் கூட்டினால் எட்டில் மூன்று. அன்று கரும்பலகையில் நின்ற கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். அவள் சிரித்தாள். "இது பின்னமோ? இது அளவெல்லோ" என்றாள். பின்னம் விளங்காத மூளை அல்ல அது. அளவுநாடாவும் துணியும் கையில் இருந்தபோது அது கற்றுக்கொண்டது. கரும்பலகைக்கு முன்னே பயந்து நின்றபோது கற்கவில்லை.

பயம் என்று சொன்னோம். அதற்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. வாதுமைப் பருப்பின் வடிவில் இரு பக்கமும் அமைந்த அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை விரைவாக இனங்காணும். அது மணி அடித்தால் இதயம் படபடக்கும், கை குளிரும், உடல் ஓடத் தயாராகும். அந்த வேளையில் நெற்றிக்குப் பின்னால் உள்ள, ஆற அமர யோசிக்கும் பகுதி பின்தங்கிவிடும். புலி துரத்தும்போது பின்னக் கணக்கு எதற்கு? ஆனால் மூளைக்குப் புலியும் கோபமான முகமும் ஏறக்குறைய ஒரே மணிதான். பயந்த பிள்ளைக்குத் தெரிந்த விடையும் வராதது இதனால்தான்.

மூளை பயத்தை மிக விரைவில் கற்றுக்கொள்ளும். நாங்கள் படித்த காலத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். விமானச் சத்தம் கேட்டால் கொப்பியை விட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடினோம். எந்தச் சத்தத்துக்கு ஓடவேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காது தானே பிரித்தறிந்தது. அன்று அந்தப் பாடம் உயிரைக் காத்தது. இன்று ரொறன்ரோவில் வாணவேடிக்கை நடந்தால் எங்களில் ஒருவர் யன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் இருப்பார். அவருடைய பிள்ளைகள் வெளியே நின்று கைதட்டுவார்கள். அவருக்குத் தெரியும், அது வெறும் வாணம் என்று. தெரிந்த பகுதி வேறு, நடுங்கும் பகுதி வேறு. கடல் கடந்து வாழும் எங்கள் சகோதரிகளில் பலருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அது பலவீனம் அல்ல, முன்பு நன்றாகக் கற்ற பாடம். ஆபத்தில்லாத சூழலில், துணையோடு, கொஞ்சம் கொஞ்சமாக அதன் மேல் புதிய பாடத்தைக் கற்கலாம். கற்றும் வருகிறோம்.

போரின் நடுவே படித்தவர்கள் நாங்கள் மட்டும் அல்லர். இத்தாலியின் தூரின் நகரில் 1909இல் பிறந்தவர் ரீட்டா லெவி மொண்டல்சினி. பெண்பிள்ளைக்குத் தொழில் எதற்கு என்று எண்ணிய தகப்பனாரை இணங்கவைத்து மருத்துவம் படித்தார். 1938இல் முசோலினியின் அரசு யூதர்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றியதால் பல்கலைக்கழகத்தில் இருக்க முடியாமற் போயிற்று. அவர் தமது படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கி, கோழி முட்டைக்குள் இருக்கும் முளையத்தில் நரம்புகள் எப்படி வளர்கின்றன என்று ஆராய்ந்தார். நகரில் குண்டு விழத் தொடங்கியதும் கிராமத்துக்கு இடம்பெயர்ந்தார், நுணுக்குக்காட்டியோடுதான். போருக்குப்பின் அமெரிக்காவில் அதே வழியில் தொடர்ந்து, நரம்பை வளரத் தூண்டும் ஒரு பதார்த்தத்தைக் கண்டார். 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. 103 வயதுவரை வாழ்ந்தார். இடம்பெயர்வில் புத்தகப்பையைச் சுமந்து நடந்த எங்களுக்கு இவரை அன்று யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பதுண்டு.

இன்னும் ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கள் கணித ஆசிரியைக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாங்கள் பார்க்கப் போனோம். நாங்கள் சொல்வது அவருக்கு விளங்கியது. ஆனால் வாயில் "அது... அது..." என்பதைத் தவிர எதுவும் வரவில்லை. ஒரு காலத்தில் மண்டபத்தின் பின்சுவர்வரை கேட்ட குரல். அவர் கண் கலங்கியது. என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்தபோது, எங்கள் தையற்காரத் தோழி மெதுவாகக் கல்லூரிக் கீதத்தைப் பாடத் தொடங்கினாள். இரண்டாம் வரியில் ஆசிரியையும் சேர்ந்துகொண்டார், சொற்களோடு. கடைசி அடிவரை பாடினார். பாட்டு முடிந்ததும் மறுபடியும் "அது..." தான்.

வீட்டார் இதை அதிசயம் என்றார்கள். எங்கள் தாதித் தோழி விளக்கினார். 1861இல் பாரிஸில் புரோக்கா என்ற வைத்தியர், "டான்" என்ற ஒலியைத் தவிர வேறெதையும் பேசமுடியாத ஒரு நோயாளியைக் கண்டார். அவருக்குப் பிறர் பேச்சு விளங்கும். கடுங்கோபம் வந்தால் ஒரு வசைமொழி மட்டும் வெளிவரும். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடப்பாதியின் முன்பகுதியில் சேதம் தெரிந்தது. புதிதாக வாக்கியம் அமைத்துப் பேசப் பெரும்பாலோருக்கு இடப்பாதி வேண்டும். ஆனால் பல்லாண்டு பாடிய பாட்டும், பிரார்த்தனையும், வாய்ப்பாடும் வேறு வழிகளிலும் பதிந்திருக்கும். ஒரு வழி அடைபட்டாலும் மற்றது திறந்திருக்கக்கூடும். இதையே பேச்சுப் பயிற்சிக்கும் பயன்படுத்துகிறார்கள்.

அதன்பின் ஆசிரியையின் மகள் தினமும் பயிற்சி கொடுத்தார். இசையோடு ஒரு சொல், கையால் தாளம், பின்பு இசையில்லாமல் அதே சொல். எங்கள் தோழியும் கடை பூட்டியபின் வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பாடினாள். எட்டு மாதம் கழித்து நாங்கள் போனபோது ஆசிரியை தண்ணீர் கேட்டார், மகளின் பெயரைச் சொன்னார். பின்பு எங்கள் தோழியைப் பார்த்து அவளுடைய பெயரையும் சொன்னார். எழுபது வயதைக் கடந்த மூளை புதுப்பாதை போட்டுக்கொண்டிருந்தது. களிமண் கதையை அங்கே யாரும் எடுக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் தோழிதான் சொன்னாள்: "களிமண் எண்டால் என்ன? ஈரமாய் இருக்கும்வரை வனையலாந்தானே."

பிள்ளைகளே, இனி உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போக நாலு விடயங்கள்.

முதலாவது, நித்திரை. பகலில் படித்ததை மூளை நித்திரையில்தான் அடுக்கி உறுதிப்படுத்துகிறது. உங்கள் வயதுக்கு ஏறத்தாழ 9 மணித்தியாலம் வேண்டும். பரீட்சைக்கு முதல்நாள் விடிய விடிய விழித்திருப்பது, நெல்லை வெட்டிவிட்டுக் களஞ்சியத்தில் சேர்க்காமல் மழையில் விடுவது போல. கைத்தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைக்காதீர்கள்.

இரண்டாவது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்திப் பார்ப்பது நல்லது. தோழியிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். விடை வராமல் திணறும் நேரம் வீணல்ல. பாதை விழுவது அப்போதுதான்.

மூன்றாவது, ஒரே நாளில் ஐந்து மணித்தியாலம் படிப்பதைவிட ஐந்து நாளில் ஒவ்வொரு மணித்தியாலம் படிப்பது நெடுநாள் நிற்கும். ரியூசனுக்கு மேல் ரியூசன் போவோர் இதை வீட்டில் சொல்லுங்கள். நாங்கள் சொன்னதாகவே சொல்லலாம்.

நான்காவது, "எனக்கு மூளை இல்லை" என்று சொல்லாதீர்கள். மற்றவரைப் பார்த்தும் சொல்லாதீர்கள். "எனக்கு இன்னும் வரவில்லை" என்று சொல்லுங்கள். எல்லோருக்கும் எல்லாம் ஒரே வேகத்தில் வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. வராதது. சிலருக்குக் கூடுதல் காலம் செல்லும், சிலருக்கு வேறு வழி வேண்டும், சிலருக்கு வைத்தியரின் உதவியும் வேண்டியிருக்கும். ஆனால் முயற்சியை நிறுத்திய இடத்தில் புல் மூடிவிடும். ஒருத்தி கரும்பலகைக்கு முன்னே திணறினால் சிரிக்காதீர்கள். நாங்கள் சிரித்தோம். முப்பது வருடம் கழித்து இந்த மேடையில், எங்கள் தோழிக்குப் பக்கத்தில் நின்று, அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம்.

இந்த உரையை மலரில் வாசிக்கப்போகும் பழைய மாணவிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருந்திருப்பாள். எந்த நாட்டில் இருந்தாலும் தேடிப்பிடித்து ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். உங்களுக்குக் கற்பித்த முதிய ஆசிரியைகள் ஊரில் தனித்திருந்தால் போய்ப் பாருங்கள். போய்ப் பேச்சு வராவிட்டால் கல்லூரிக் கீதம் இருக்கிறது.

நூறு ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த எமது கல்லூரி இன்னும் பல நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துகிறோம்.